மார்னிங்டன் பெனின்சுலா வைனரி ட்ரிப்: ரெண்டு நாள், ஆறு எடம், ஒரு மாமியார்

முருங்கைமரம் | ஞாயிறு இரவு 9:48

மெல்போர்ன் மக்களே, நேத்தும் இன்னைக்கும் மார்னிங்டன் பெனின்சுலா பக்கம் வைனரி (திராட்சை போட்டு வைன் பண்ணி ருசி பாக்க ஊத்திக் குடுக்கற எடம்) சுத்திட்டு இப்பதான் வீடு வந்தோம், சூடா ரசம் சாதம் சாப்ட்டு உக்காந்து டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க. நானும் வீட்டம்மாவும், ஃப்ரெண்டும் அவன் ஒய்ஃபும், அப்புறம் கும்பகோணத்துல இருந்து வந்திருக்கற என் மாமியார். அவங்க குடிக்க மாட்டாங்க, ஆனா "நீங்கள்லாம் கூத்தடிக்க போவீங்க, நான் மட்டும் வீட்ல டிவி பாக்கணுமா"ன்னு மொத ஆளா கார்ல ஏறிட்டாங்க.

கிளேட்டன்ல இருந்து ஈஸ்ட்லிங்க், அப்புறம் பெனின்சுலா லிங்க். டோல் ஈஸ்ட்லிங்க்குக்கு மட்டும்தான். ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல ஆச்சு. மாசத்தோட மொத சனிக்கிழமைங்கறதால ரெட் ஹில் சந்தை இருந்துச்சு, காலைல அங்க இறங்கினதுல மாமியார் நாலு ஜாடி ஜாம் வாங்கிட்டாங்க, ட்ரிப் பட்ஜெட்ல பாதி அங்கயே போச்சு.

அப்புறம்தான் வைனரி. மொதல்ல மெயின் ரிட்ஜ்ல டென் மினிட்ஸ் பை டிராக்டர். பேரு எதுக்குன்னு கேட்டா, ஆரம்பத்துல மூணு குடும்பத்தோட மூணு தோட்டமாம், ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு டிராக்டர்ல பத்து நிமிஷம். அந்த மூணு தோட்டத்து பினோ நுவார்ங்கற சிவப்பு வைனையும் தனித்தனியா பாட்டில் பண்றாங்க. ஒரே திராட்சை, ஒரே கை, ஆனா மூணும் மூணு ருசி. எனக்கு அதுவரைக்கும் இந்த "மண்ணு வாசனை வைன்ல வரும்"ங்கறதெல்லாம் ரீல்னுதான் நெனப்பு. பக்கத்து பக்கத்துல வெச்சு குடிச்சப்ப வாய மூடிட்டேன்.

மதியம் மொண்டால்டோல சாப்பாடு, ஆலிவ் மரம், சிலைகளுக்கு நடுவுல நடக்கற பாதை, சமையலுக்குன்னே ஒரு காய்கறித் தோட்டம். மாமியார் அந்தத் தோட்டத்துலயே அரை மணி நேரம் நின்னுட்டாங்க. அப்புறம் ஃபாக்சீஸ் ஹேங்அவுட் பால்கனி. அந்தப் பேருக்கும் ஒரு கதை, அந்தக் காலத்துல நரி வேட்டைக்காரங்க செத்த நரிய ஒரு மரத்துல தொங்க விட்டு யாரு கணக்கு அதிகம்னு போட்டி போட்டாங்களாம். நாலாவதா ஒரு எடத்துக்கு போனோம் பாருங்க, பேரு வேணாம், புக் பண்ணாம அஞ்சு பேரா வந்தா உள்ள விட மாட்டோம்னுட்டாங்க, கெஞ்சி உள்ள போய் குடிச்சா ஒண்ணும் தெரியல, நாக்கு செத்துப்போச்சு. ஆளுக்கு 20 டாலர் தண்டம்.

நைட்டு டிரோமானால தங்கல். இன்னைக்கு காலைல கிரிட்டென்டென் வைனரி, அப்புறம் பாயின்ட் லியோ எஸ்டேட்ல சிலைப் பூங்கா (அதுக்கு டிக்கெட் தனி), கடைசியா கடல்ல கால நனைச்சிட்டு வந்தாச்சு.

ஆனா நான் எழுத வந்தது இது இல்ல. மொத எடத்துல ஊத்திக் குடுத்த பொண்ணு "ராஸ்பெர்ரி, ஃபாரஸ்ட் ஃப்ளோர்"னு சொல்லுது, நாங்க நாலு பேரும் தலைய ஆட்டறோம். நான் ராஸ்பெர்ரிய மொதமொதல்ல பாத்ததே 28 வயசுல. மாமியார் என் கிளாச வாங்கி குடிக்காம மூக்கு கிட்ட மட்டும் வெச்சிட்டு, "காஞ்ச ரோஜாப்பூ, மழைக்கு முன்னாடி வர்ற மண்ணு, அடியில கொஞ்சம் பீட்ரூட்டு"ன்னாங்க. திருப்பி மோந்து பாத்தா அப்படியே இருக்கு! அடுத்து ஷார்டனேங்கற வெள்ளை வைன். "வெண்ணெய் காய்ச்சறப்ப முருங்கக்கீரை போடறதுக்கு முன்னாடி ஒரு வாசனை வருமே, அது." அந்தப் பொண்ணுக்கு நான் மொழிபெயர்த்து சொன்னா அசந்துட்டா. பாக்டீரியா ஒண்ணு வைன்ல இருக்கற மாலிக் அமிலத்த லாக்டிக் அமிலமா மாத்துமாம், அப்ப வர்ற வெண்ணெய் வாசனைதான் அது.

கேள்வி இதான்: வைன் ருசிய தமிழ்ல எப்படி சொல்லுவீங்க? வைனரிக்காரங்க பட்டியல மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கறதுல எனக்கு இஷ்டமில்ல.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு இரவு 10:15

எல்லாம் சரி, யாரு வண்டி ஓட்டினா? அத சொல்லாம நாலு எடம்னு எழுதிட்டீங்க. நானே கணக்கு போடறேன், ஒரு ஊத்து 30 மில்லின்னு வைங்க, ஒரு எடத்துல அஞ்சு ஊத்து, 150 மில்லி. 13 சதவீத வைன்னா அதுல சுமார் 15 கிராம் ஆல்கஹால். ஆஸ்திரேலியா கணக்குல 10 கிராம் ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க், அப்ப ஒரு எடத்துக்கு ஒண்ணரை. நாலு எடத்துக்கு ஆறு! ரத்தத்துல ஆல்கஹால் அளவு ஃபுல் லைசென்சுக்கு 0.05, பி பிளேட்ல (புதுசா லைசென்ஸ் வாங்கி) ஓட்டற பசங்களுக்கு பூஜ்யம். லாங் வீக்கெண்ட்ல போலீஸ் பூஸ் பஸ் (ஊதிக் காட்டச் சொல்ற வண்டி) எங்க நிக்கும்னு யாருக்கும் தெரியாது. "சும்மா டேஸ்ட்தானே பண்ணேன்"னு ஊதறப்ப மிஷின் கிட்ட சொல்ல முடியாது.

முருங்கைமரம் | ஞாயிறு இரவு 10:21

மொத நாள் வீட்டம்மா, ரெண்டாம் நாள் நான். ஓட்டறவங்க துப்பிட்டோம், எல்லா டேபிள்லயும் துப்பறதுக்கு ஒரு ஜாடி இருக்கும். எனக்கு மொதல்ல கூச்சமாதான் இருந்துச்சு, மாமியார் "வெத்தல போட்டா துப்பறதில்லையா, என்ன வெக்கம்"னு ஒரே போடா போட்டாங்க.

வடமராட்சியான் | ஞாயிறு இரவு 10:40

நல்லா எழுதியிருக்கிறியள். நாங்களும் போன மாசி போனனாங்கள், என்ர மனுசியும் தம்பியாக்களும். ஒரு நாளில நாலு இடம் எண்டுறது விசர் வேலை, மூண்டே கூட. ரெண்டு இடம் போய் இருந்து ஆறுதலாக் குடிச்சு, சாப்பிட்டு, கதைச்சு, பிறகு கடற்கரைக்குப் போறதுதான் எங்கட முறை.

உங்கட கேள்விக்கு வாறன். சிவப்பு வைனில நாக்கை இழுக்கிற அந்தக் குணத்தை டானின் எண்டு சொல்லுவினம். எங்கட ஆக்களுக்கு அதுக்குச் சொல் தேவையே இல்லை, கயர்! வாழைக்காய் வெட்டேக்க கையில ஒட்டுற பால், பழுக்காத கொய்யாக்காய், அந்தக் கயர்தான். பினோ நுவாரில அது குறைவு, ஏனெண்டால் அந்தப் பழத்தின்ர தோல் மெல்லிசு. பரோசா பக்கத்து ஷிராஸ் எண்ட சிவப்பு வைனைக் குடிச்சுப் பாருங்கோ, வித்தியாசம் விளங்கும்.

அரைக்கிலோ | ஞாயிறு இரவு 10:52

நம்ம பக்கம் துவர்ப்பு. அறுசுவைல ஒண்ணா ஏற்கனவே இருக்கற வார்த்தை. இங்கிலீஷ்காரன் அதுக்கு பாடம் நடத்திட்டு இருக்கான், நம்ம பாட்டி வாழைப்பூ பொரியல்லயே முடிச்சிட்டா. நான் தரம் பிரிச்சே சொல்லுவேன். வாழைப்பூ துவர்ப்பு, நாக்கோட நடுவுல நிக்கும். பாக்கு துவர்ப்பு, கன்னத்த உள்ள இழுக்கும். நெல்லிக்கா துவர்ப்பு, மொதல்ல பிடிச்சு இழுத்துட்டு தண்ணி குடிச்சா இனிக்கும். கடுக்கா துவர்ப்பு வந்துச்சுன்னா அந்த பாட்டில மூடி பத்து வருஷம் கழிச்சு திறங்க.

சாரல் | ஞாயிறு இரவு 11:03

அய்யோ நெல்லிக்கா உதாரணம் சூப்பர். புளிப்புக்கும் இதே மாதிரி பிரிக்கலாம்ல? எலுமிச்சை புளிப்பு, மாங்கா புளிப்பு, புளியங்கா புளிப்பு (பல்லு கூசும்), மோர் புளிப்பு. அண்ணா சொன்ன வெண்ணெய் ஷார்டனே எல்லாம் மோர் புளிப்பு. அந்தப் பக்கத்து பினோ கிரிஜியோ மாங்கா புளிப்பு, உப்பு மட்டும் தொட்டுக்கல. ஒரு விஷயம் அங்க போய்தான் தெரிஞ்சுது, கிரிஜியோவும் கிரியும் ஒரே திராட்சைதான். சீக்கிரம் பறிச்சு சுள்ளுன்னு பண்ணா இத்தாலிப் பேரு, நல்லா பழுக்க விட்டு கனமா பண்ணா பிரெஞ்சுப் பேரு. மாங்காவும் மாம்பழமும் மாதிரி.

சந்தேகம்: கடல் பக்கத்துல இருந்தா வைன்ல உப்பு ருசி வரும்னு ஒரு எடத்துல சொன்னாங்க, நெசமா? உப்புக் காத்துல திராட்சை ஊறுமா என்ன?

வடமராட்சியான் | ஞாயிறு இரவு 11:30

உப்பை விடுங்கோ, கடல் செய்யிற பெரிய வேலை வேற. அந்த நிலம் மூண்டு பக்கமும் தண்ணி. ஒரு பக்கம் போர்ட் பிலிப் குடா, மற்றப் பக்கம் வெஸ்டர்ன் போர்ட், தெற்கால பாஸ் நீரிணை. கோடையில மெல்போர்ன் 38 எண்டு கொதிக்கேக்க அங்க கடற்காத்து வந்து வெக்கையை இறக்கிப்போடும். அதால பழம் மெல்ல மெல்லப் பழுக்கும், சீனி ஏறேக்கையும் புளிப்பு போகாது. பினோவுக்கும் ஷார்டனேக்கும் அதுதான் வேணும். அதுக்குள்ளயும் ஏத்த இறக்கம் இருக்கு. டிரோமானா, மூருடுக் பக்கம் பதிஞ்ச நிலம், பழம் வெள்ளனப் பழுக்கும். மெயின் ரிட்ஜ், ரெட் ஹில் மேட்டு நிலம், எரிமலைச் செம்மண், அங்க சில கிழமை பிந்தித்தான் வெட்டுவினம். முருங்கைமரம் குடிச்ச மூண்டும் மூண்டு ருசியா இருந்ததுக்குக் காரணம் தேடினால் உயரம், மண், வெயில் விழுற பக்கம் எண்டு இதுக்குள்ளதான் கிடக்கும்.

முந்தி ரெட் ஹில் ஆப்பிளுக்குப் பேர்போன இடம். மெயின் ரிட்ஜ் எஸ்டேட்டில 1975ல தான் கொடி நட்டவை. பரிங்கா எஸ்டேட் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கைவிட்ட பழத்தோட்டத்தை வாங்கி 1985ல நட்டுத் தொடங்கினது. எங்கட ஆக்கள் கண்ட கண்ட இடத்தில வீடு வாங்கி அடுக்கிறதை விட்டிட்டு… சரி, நான் கதைக்கேல்லை.

கம்பத்துக்காரன் | திங்கள் காலை 6:50

வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிசம். எங்க தாத்தா காலத்துல இருந்து கம்பம் பள்ளத்தாக்குல திராட்சை வெள்ளாமை, அதனால இந்த ஊருத் தோட்டத்தப் பாத்தா எனக்கு கைதான் அரிக்கும். எங்க ஊர்ல தலைக்கு மேல பந்தல், கொலை மேல இருந்து தொங்கும், கீழ நிழல்ல நின்னு அறுப்போம். இங்க வேலி மாதிரி வரிசையா கம்பி கட்டி கொடிய நேரா மேல ஏத்தி விடுறாங்க, கொலை முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவுல. நம்மூர்ல வெயிலுக்குப் பயந்து பந்தல் போடுறோம், இவங்க வெயிலத் தேடிப் புடிக்கிறாங்க. கவாத்து இங்க வருசத்துக்கு ஒரு தடவ, அறுப்பும் ஒண்ணு. எங்க ஊர்ல வருசம் பூரா எங்கயாவது ஒரு தோட்டத்துல அறுப்பு ஓடிக்கிட்டே இருக்கும்.

2023ல கம்பம் பன்னீர் திராட்சைக்கு புவிசார் குறியீடு குடுத்தாங்க. அது மஸ்கட் ஹாம்பர்க் ரகம், வாயில போட்டா பன்னீர் வாசனை. பினோ நுவார் பழத்த ஒருதடவ தின்னு பாத்தேன், பட்டாணி சைஸ், கொட்டையும் தோலும்தான், எங்க ஊர்ச் சந்தையில கூடையோட திருப்பி அனுப்பிருவாங்க. ஆனா வைனுக்கு அந்தத் தோல்தான் வேணுமாம்.

முருங்கைமரம் | திங்கள் காலை 8:10

அண்ணே இத கேக்கணும்னே இருந்தேன், தோட்டம் முழுக்க வெள்ளையா வலை போத்தி வெச்சிருக்காங்க, மாமியார் "கொடிக்கெல்லாம் கொசுவலை கட்டியிருக்கான் பாரு"ன்னு சிரிச்சாங்க. குருவிக்குதானே?

கம்பத்துக்காரன் | திங்கள் மதியம் 12:35

ஆமா தம்பி. பழம் நெறம் மாறி இனிப்பு ஏற ஆரம்பிச்சா வலை போட்டுருவாங்க. பெரிய கள்ளன் சில்வர்ஐ, நம்மூரு வெள்ளைக்கண்ணிக்கு சொந்தக்காரக் குருவி, அதே மாதிரி கண்ணச் சுத்தி வெள்ள வளையம். அது முழுசாவும் திங்காது, ஓட்ட போட்டுட்டு அடுத்த பழத்துக்குப் போயிரும், ஓட்ட விழுந்த பழம் அழுகி பக்கத்துப் பழத்தையும் கெடுக்கும். எங்க ஊர்ல இதுக்கு தகரத்தத் தட்டிக்கிட்டு நானே லீவு நாளெல்லாம் தோட்டத்துல கெடந்திருக்கேன்.

உள்ளதைச்சொல்வேன் | திங்கள் மதியம் 1:20

குடிக்கறத பத்தி இவ்ளோ பெருமையா எழுதணுமா? வயசானவங்கள வேற கூட்டிட்டு போயிருக்கீங்க. பொடவை கட்டின அம்மாவ பார் மாதிரி எடத்துல உக்கார வெச்சு மோந்து பாக்க விட்டது எனக்கு சரியா படல.

சாரல் | திங்கள் மதியம் 1:34

அவங்க குடிக்கவே இல்லைன்னு மொத பாராலயே இருக்கு. அங்க பாதி டேபிள்ல கொழந்தைங்க, பாட்டிங்க, நாய் எல்லாம் இருக்கும். போனதில்லைன்னா ஒருதடவ போய் பாத்துட்டு வந்து திட்டுங்க.

முருங்கைமரம் | திங்கள் மதியம் 1:50

கோவமில்ல, மாமியார் கிட்டயே படிச்சு காட்டினேன். "நான் ஜாம் வாங்கினத பத்தி யாரும் கேக்கலையா"ன்னாங்க. அவ்ளோதான்.

அரைக்கிலோ | திங்கள் மாலை 5:05

சரி சண்டைய விடுங்க. கிரிட்டென்டென்ல என்ன குடிச்சீங்க? அங்க சவன்யான்னு ஒண்ணு இருக்குமே, அதுக்குன்னே நான் வருஷம் ஒருதடவ போறேன். அந்தத் திராட்சை கதை ஒரு மெகா சீரியல். ஸ்பெயின்ல இருந்து அல்பரீன்யோன்னு சொல்லி கொடி வாங்கி ஆஸ்திரேலியா பூரா நட்டு, பாட்டில்ல அந்தப் பேரையே ஒட்டி வித்திட்டு இருந்தாங்க. ஒரு பிரெஞ்சு நிபுணர் வந்து பாத்து சந்தேகப்பட்டார், டெஸ்ட் பண்ணா 2009ல உறுதியாச்சு, அது வேற திராட்சை, சவன்யா. கல்யாணமாகி கொழந்தை பொறந்தப்புறம் மாப்ள பேரே வேறன்னு தெரிஞ்ச கதை. பல பேர் கொடிய பிடுங்கிட்டாங்க. கிரிட்டென்டென் மாதிரி சில பேர்தான் பிரான்ஸ் ஜுரா பக்கத்து முறைல பீப்பாய ரொப்பாம விட்டு, மேல ஈஸ்ட் ஆடை படிய வெச்சு முதிர வெக்கறாங்க.

முருங்கைமரம் | திங்கள் மாலை 5:40

அதேதான்! அதுக்கு மாமியார் சொன்னத கேளுங்க. "ஊறுகா ஜாடி மூடிய தெறந்த ஒடனே வருமே ஒரு நெடி, அப்புறம் நெய்யில வறுத்த முந்திரி." அங்க இருந்தவர் குடுத்த பேப்பர்ல "உப்பு, பருப்பு வகை"ன்னு இங்கிலீஷ்ல போட்டிருந்துச்சு. மாமியார் சொன்னத அதுக்கு கீழயே எழுதி வெச்சிருக்கேன். எனக்கு மொத வாய் பிடிக்கல, ரெண்டாவது வாய் பரவால்ல, நாலாவதுக்கு ஒரு பாட்டில் வாங்கிட்டேன்.

ஈஸ்ட் ஆடைய நான் பால் ஏடுன்னு சொல்லி புரிய வெச்சேன், சரிதானே?

அரைக்கிலோ | திங்கள் மாலை 5:52

பால் ஏடு மாதிரி மேல படியும், சரிதான், ஆனா ஈஸ்ட் உயிரோட இருக்கும். காத்து நேரா பட விடாம அது காவல் காக்கும், அந்த முந்திரி வாசனையும் அதோட வேலைதான். பழைய சாதத்துப் பானைக்கு நம்ம வீட்ல இருந்த மரியாதை அந்தப் பீப்பாய்க்கு உண்டு.

இன்னொண்ணு, அடுத்த தடவ யாபி லேக்ங்கற வைனரியோட பினோ கெடச்சா வாங்குங்க. ஜிம்மி வாட்சன் டிராஃபின்னு இளம் சிவப்பு வைனுக்கு ஒரு பெரிய பரிசு, காலங்காலமா ஷிராஸ், காபர்னேதான் தட்டிட்டு போகும். 2013ல மொதமொதலா ஒரு பினோ நுவார் ஜெயிச்சுது, அது இவங்களோட 2012 பிளாக் 1.

சாரல் | திங்கள் மாலை 6:30

நம்ம சாப்பாட்டோட எது சேரும்னு யாராவது சொல்லுங்க, எனக்கு அதான் முக்கியம். போன வாரம் மட்டன் சுக்காவோட கனமான ஷிராஸ் குடிச்சு வாய் எரிஞ்சு தயிர தேடி ஓடினேன்.

வடமராட்சியான் | திங்கள் மாலை 7:15

உறைப்போட கயர் சேர்ந்தால் ரெண்டும் ஒண்டை ஒண்டு கொழுவி விடும், ஆல்கஹால் கூடினால் இன்னும் எரியும். உறைப்புக் கறிக்குக் கொஞ்சம் இனிப்பு நிண்ட ரீஸ்லிங் எண்ட வெள்ளை வைன் நல்லம். எங்கட வீட்டில இறால் பொரியலுக்கு பினோ கிரி, தேங்காய்ப்பால் விட்ட மீன் சொதிக்கு ஷார்டனே. ஆட்டுக்கறிப் பிரட்டலுக்கு பினோ நுவாரை அரை மணித்தியாலம் ஃபிரிட்ஜில வைச்சு எடுப்பன், மனுசி நக்கலடிப்பா, ஆனால் கோடைக்கு அது நல்லம்.

ரெண்டாம் நாளைக்கு இன்னொரு வழியும் இருக்கு. சொரெண்டோவில காரோட ஃபெரியில ஏறினால் 40 நிமிசத்தில குயின்ஸ்கிளிஃப், அங்கால பெல்லரின் வைனரியள். குடாவைச் சுத்தி ஜீலாங் பக்கத்தால வீட்டுக்கு வரலாம். ஒண்டு மட்டும், குடிச்சிட்டுக் கடலில இறங்காதேங்கோ. போர்ட்சி பக்கம் செவியட் கடற்கரையில 1967 டிசம்பர் 17 நீந்தப் போன பிரதமர் ஹரல்ட் ஹோல்ட்டை இண்டைக்கு வரைக்கும் காணேல்லை. பாஸ் நீரிணைப் பக்கத்துக் கடல் அப்பிடி. கால் நனைக்கிறதெண்டால் குடாப் பக்கம் டிரோமானாவில நனையுங்கோ.

கணக்குப்பிள்ளை | திங்கள் மாலை 7:48

கார் இல்லாதவங்களுக்கு: ஃபிராங்ஸ்டன் வரைக்கும் ட்ரெயின், அங்க இருந்து 788 பஸ் கடலோரமா டிரோமானா, சொரெண்டோ வழியா போர்ட்சி போகும். ஆனா வைனரி எல்லாம் மேட்டுல, பஸ் அங்க ஏறாது. டாக்சி கெடைக்கும்னு நம்பி போய் நான் ரெட் ஹில் ரோட்ல ஒண்ணரை மணி நேரம் நின்னிருக்கேன். ஆறு பேர் சேந்தா டிரைவரோட வேன் எடுத்துடுங்க, பிரிச்சு பாத்தா கணக்கு ஒத்து வரும்.

சாரல் | திங்கள் இரவு 8:20

முருங்கைமரம் அண்ணா, ஊருக்கு பாட்டில் கொண்டு போகலாமா? என் தம்பி கேட்டுட்டே இருக்கான்.

முருங்கைமரம் | திங்கள் இரவு 8:41

இந்தியாவுக்கு ஆளுக்கு 2 லிட்டர் வரைக்கும் டூட்டி இல்லாம விடுவாங்க, அப்ப 750 மில்லில ரெண்டு பாட்டில். மாமியார் வெள்ளிக்கிழமை கெளம்பறாங்க. மாமனாருக்கு ஒரு பாட்டில் குடுத்து விடலாம்னு நாங்க பேசிட்டு இருந்தா, அவங்க வேற பிளான்ல இருக்காங்க. நேத்து நைட்டு நாங்க முடிச்ச பாட்டில் மூணையும் வெந்நீர் ஊத்தி கழுவி பால்கனில கவுத்து வெச்சிருக்காங்க. நல்லெண்ணெய் ஊத்தி வெக்க கனமான பாட்டில் இப்பல்லாம் ஊர்ல கெடைக்கறதில்லையாம், பெட்டில பொடவைக்கு நடுவுல வெச்சா ஒடையாதாம். நாலு ஜாடி ஜாம் ஏற்கனவே பெட்டிக்குள்ள போயாச்சு. வெயிட் 23 கிலோ தாண்டுது, எத எடுக்கறதுன்னு வீட்ல பேச்சுவார்த்தை ஓடிட்டு இருக்கு.

வடமராட்சியான் | திங்கள் இரவு 8:44

ஜாமில கை வைச்சிடாதேங்கோ தம்பி.